ஒன்றரைத் தாள் இடைவெளி கூடினால் உயிருக்கே உலை! வேட்டை ரைபிள் உருவாகும் கதை

அதிராம்பட்டினம் கடலோரத்தில் கார்த்திகை மழை ஓய்ந்ததும் வெளியூர் விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான். அலையாத்திக் காட்டுச் சேற்றில் கால் வைக்க இடம் இருக்காது.

ஒரு காலத்தில் இந்த விருந்தாளிகளைத் தேடிக்கொண்டு வேறு ஆட்களும் வருவார்கள். தோளில் துப்பாக்கி, இடுப்பில் தோட்டா பெல்ட். நெல் வயலில் உள்ளான் சுடுவது வெள்ளைக்காரத் துரைமார்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. கிழக்கே கோடியக்கரைப் பக்கம் போனால் வெளிமான்.

இப்போது அந்த "டுமீல்" சத்தம் இல்லை. 1967-ம் ஆண்டில் கோடியக்கரை சரணாலயம் ஆனது. 1972-ம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குப் பெரிய பூட்டு விழுந்தது.

துப்பாக்கி மட்டும் போகவில்லை! லைசென்ஸ் வாங்கியவர் காலமாகி, அவர் மகனும் வயசாளியாகி, பீரோவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிய ரைபிள் இன்னும் சில பழைய வீடுகளில் கிடக்கும்.

அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னா பெரிய விஷயம்? ஒரு இரும்புக் குழாய், ஒரு தாழ்ப்பாள், ஒரு கட்டை. லேத் பட்டறையிலே குடுத்தா அரை நாள்ல செஞ்சு குடுத்துடுவானே!" என்று சொல்லும் ஆசாமிகள் உண்டு.

அரை நாளில் செய்யலாம். அடுத்த அரை நாளில் ஆஸ்பத்திரிக்கும் போகலாம்!

பம்பரம் மாதிரி

துப்பாக்கியில் இரண்டு சாதி. வாத்து, உள்ளான் சுடுவது ரவைத் துப்பாக்கி. "12 போர்" என்பார்களே, அதுதான். குழலின் உட்புறம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவிலிருந்து கைப்பிடி ரவை சிதறிப் போகும்.

மான், புலி என்று பெரிய பிராணிக்குப் போனவர்கள் எடுத்தது ரைபிள். இதில் ஒரே குண்டு. குழலின் உள்ளே திருகாணி மரை மாதிரி சுற்றிச் சுற்றிக் காடி வெட்டியிருக்கும். குண்டு அந்தக் காடியைப் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியே வரும்.

சும்மா சுழற்சி அல்ல. உலகம் முழுக்கப் பேர் பெற்ற "30-06" ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் வேகம் விநாடிக்கு 2,700 அடி. கணக்குப் போட்டால் குண்டு ஒரு விநாடிக்கு 3,240 சுற்றுச் சுற்றுகிறது!

சுற்றுகிற பம்பரம்தான் நிற்கும். சுற்றாத பம்பரம் சாயும். குண்டும் அப்படியே.

தஞ்சாவூர் பீரங்கி

குழல் செய்வது நம் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. கீழவாசல் பீரங்கி மேட்டில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி. நீளம் ஏறத்தாழ 26 அடி, எடை சுமார் 22 டன்!

இது அச்சில் வார்த்த பீரங்கி இல்லை. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அதன்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறக்கி, அடித்து ஒட்டிய வேலை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிற அதே வித்தைதான். வண்டிப்பட்டறை தெரிந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்கள்.

அந்தப் பீரங்கியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதன் பின்பக்கம் அடைபட்டது. மருந்து, குண்டு எல்லாம் வாய் வழியாகத்தான் போட வேண்டும். நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் இதே ரகம்.

பின்பக்கம் திறக்காத குழலுக்கு ஒரு கவலை இல்லை. வெடியின் வேகம் முன்பக்கம்தான் போகும். ஆனால் ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து இடித்துக் கெட்டிப்பதற்குள் பன்றி ஊர் போய்ச் சேர்ந்துவிடும்!

சட்டுப்புட்டென்று தோட்டா போட வேண்டுமென்றால் பின்பக்கம் கதவு வைக்க வேண்டும். கதவு வைத்தால் அது வெடிக்கும்போது திறக்கக்கூடாது. இங்கேதான் வந்தது வம்பு.

கதவுத் தாழ்ப்பாள்

ஜெர்மனியில் டிரைசே என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். நம் வீட்டு வாசல் கதவில் இருக்கும் தாழ்ப்பாள்தான் அது. முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் பூட்டு. மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் திறப்பு. 1841-ம் ஆண்டில் பிரஷ்ய ராணுவம் இந்தத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது.

அந்த யோசனையை முற்றும் முடித்தவர் பால் மவுசர். ஜெர்மனியில் ஓபர்ண்டார்ஃப் ஊர்க்காரர். 1898-ம் ஆண்டு வந்த அவருடைய ரைபிளின் தாழ்ப்பாள் முனையில் இரண்டு காது இருக்கும். மடக்கியதும் அந்தக் காதுகள் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அது உடைந்தாலும் ஆள் பிழைக்கட்டும் என்று பின்னால் மூன்றாவது காது வேறு வைத்தார். இன்றைக்கும் ஆர்டர் கொடுத்து வேட்டை ரைபிள் செய்கிறவர்களில் பலர் மவுசர் தாழ்ப்பாளைத்தான் கேட்கிறார்கள்.

காது எதற்கு என்று கேட்கலாம். வீட்டு பிரஷர் குக்கரைப் பாருங்கள். மூடி ஓரமும் பாத்திரமும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். சிக்காமல் போனால் சாதம் கூரையில் இருக்கும். குக்கருக்குள் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. அதற்கே இந்தப் பயம்!

ரைபிள் தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 50 ஆயிரம் பவுண்டுக்கு மேலும் அழுத்தம் எழும். மூவாயிரம் குக்கரை ஒன்றாகச் சேர்த்த மாதிரி. அது சுடுகிறவர் கன்னத்துக்குச் சில அங்குலம் முன்னால் நடக்கிறது.

ஒன்றரைத் தாள்

குழலின் பின் முனையில் தோட்டா உட்காரும் குழிக்குத் தோட்டா அறை என்று பெயர். ரைபிளின் உயிர் இங்கேதான்.

தோட்டாவின் கூடு பித்தளை. உள்ளே மருந்து, முனையில் குண்டு, அடியில் கேப்பு. விசையை இழுத்ததும் ஊசி கேப்பைக் குத்தும். மருந்து பற்றிக்கொள்ளும். அந்த நொடியில் பித்தளைக் கூடு பலூன் மாதிரி உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பது இந்தப் பித்தளைதான். குண்டு போனதும் கொஞ்சம் சுருங்கி, வெளியே எடுக்க வழி விடும்.

சுவர் சரி. அடிப்பக்கம்? அங்கே தாழ்ப்பாளின் முகம் மட்டுமே முட்டுக்கொடுக்கிறது. தோட்டாவுக்கும் அந்த முகத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமானால், கூட்டின் அடி பின்னால் எகிறும். பித்தளை இழுபடும். இழுத்தால் கிழியும். கிழிந்தால் அத்தனை ஆயிரம் பவுண்டு வாயுவும் திரும்பி வரும். கண் போகலாம். ஆளே போகலாம்.

அதற்காக இடைவெளியே இல்லாமல் செய்தால் தாழ்ப்பாள் மூடாது.

சரியான அளவு எவ்வளவு? இதைச் சரிபார்க்க எஃகில் இரண்டு அளவுக்கட்டைகள் உண்டு. லேத் பட்டறைக்காரர்களுக்குப் பழக்கமான பெயர்தான்: கோ கேஜ், நோ-கோ கேஜ். முதல் கட்டையை வைத்தால் தாழ்ப்பாள் மூட வேண்டும். இரண்டாவதை வைத்தால் மூடவே கூடாது. "308" என்ற ரகத்துக்கு இரண்டு கட்டைக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் 4 அங்குலம். அதாவது 0.1 மில்லி மீட்டர்.

கையில் இருக்கும் இந்தப் பத்திரிகைத் தாளைத் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரைத் தாள் பருமன். அவ்வளவுதான் விளையாட்டு!

கடைசல் மேடையில்

ஆர்டர் ரைபிள் என்பது தையற்கடையில் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது மாதிரி. சுடுகிறவரின் கை நீளம், கழுத்து, தோள் எல்லாம் பார்த்துக் கட்டையைச் செதுக்குவார்கள். கட்டைக்கு வால்நட் மரம். பார்க்கிறவர்கள் மயங்குவது இந்த மரத்தின் வரியில். ஆனால் வேலை தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது குழலும் தாழ்ப்பாளும் சேரும் இடத்தை.

குழல், குரோமியம் மாலிப்டினம் கலந்த எஃகு. நடுவில் துளை போட்டு, காடி வெட்டி முடித்த குழலைக் கடைசல் யந்திரத்தில் பிடிப்பார்கள். வெளிப்புறம் நேராகச் சுற்றினால் போதாது. உள்ளே இருக்கும் துளை நேராகச் சுற்ற வேண்டும். துளை ஓரம் போயிருந்தால் அறையும் ஓரம் போகும். குண்டு கோணலாகக் கிளம்பும். இதைச் சரிசெய்யவே மணிக்கணக்கில் ஆகும்.

பிறகு மரை வெட்டி, தாழ்ப்பாள் கூட்டோடு முடுக்கிப் பார்ப்பது. அதன் பிறகுதான் அறை வெட்டும் ரீமர் உள்ளே போகும். தோட்டாவின் உருவத்திலேயே செய்த வெட்டுக்கருவி இது. எண்ணெய் விட்டு, மெதுவாகச் சுற்றவிட்டு, கொஞ்சம் வெட்டியதும் வெளியே இழுப்பார்கள். சுருளைத் துடைப்பார்கள். மறுபடி எண்ணெய், மறுபடி உள்ளே. ஒரு சின்னச் சுருள் மாட்டிக்கொண்டாலும் அறைச் சுவரில் கீறல் விழும். கீறல் இருந்தால் வெடித்த கூடு அதிலே ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

கடைசி நூலளவு நெருங்கும்போது, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை கேஜ் போட்டுப் பார்ப்பார்கள். வெட்டியது வெட்டியதுதான். குழியை ஆழமாக்கலாம், நிரப்ப முடியாது. ஒன்றரைத் தாள் கூடிப்போனால் குழலைக் கழற்றி, பின்பக்கம் சீவி, ஆரம்பத்திலிருந்து வேலை!

எல்லாம் முடிந்தாலும் அப்படியே கையில் கொடுத்துவிடுவதில்லை. சாதாரணத் தோட்டாவைவிட அழுத்தம் கூடுதலான தோட்டா போட்டு, ஆள் விலகி நின்று சுட்டுப் பார்க்க வேண்டும். தாங்கினால்தான் முத்திரை. லண்டனில் 1637-ம் ஆண்டிலிருந்தும் பர்மிங்காமில் 1813-ம் ஆண்டிலிருந்தும் இந்தச் சோதனை நடக்கிறது.

அதிராம்பட்டினம் மாதிரி உப்பளம் உள்ள ஊரில் இன்னும் ஒரு தொல்லை. மழைக் காலத்தில் மரக்கட்டை உப்பும். உப்பிய கட்டை குழலை ஒரு பக்கம் நெட்டும். நேற்று குறி வைத்த இடத்தில் இன்று குண்டு விழாது. பழைய காலத்துக் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்ட பிறகு குழலுக்குள் உப்பாகப் படியும். கடல் காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுத்தால் ஓரிரு நாளில் துருதான். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் சுட்டு முடித்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவியது இதனால்தான்.

வெயிலும் மேகமும்

"நம்மாளு கண்ணாலேயே சூடு பாத்துடுவான்" என்பது பட்டறைப் பெருமை. அரிவாளுக்கு அது போதும். ரைபிளுக்குப் போதாது என்பதை அமெரிக்கா பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அங்கே ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் அரசாங்க ஆயுதச் சாலை. 1903-ம் ஆண்டு ரகம் ரைபிள் அங்கே தயாரானது. முதல் உலகப்போர் நேரத்தில், 1917-ம் ஆண்டில், சில ரைபிள்கள் சுடும்போதே கண்ணாடி மாதிரி நொறுங்கின.

துருவிப் பார்த்தார்கள். குற்றவாளி யார் தெரியுமா? சூரியன்!

எஃகைக் காய்ச்சுகிற அனுபவஸ்தர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் சொன்னார்கள். மேகம் மூடிய நாளில் கணக்குச் சரியாக இருந்தது. பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளில் சிவந்த இரும்பும் மங்கலாகத் தெரியும். "இன்னும் சூடு வரலை" என்று மேலும் காய்ச்சினார்கள். கருவி வைத்துப் பார்த்தபோது 300 டிகிரி பாரன்ஹீட் வரைக்கும் கூடுதல் சூடு ஏறியிருந்தது தெரிந்தது. எஃகு கருகிப்போய் உடையும் பதத்துக்கு வந்துவிட்டது.

1918-ம் ஆண்டில் காய்ச்சும் முறையை மாற்றினார்கள். அதற்குள் அந்த ஆயுதச் சாலையில் ஏறத்தாழ 8 லட்சம் ரைபிள் தயாராகியிருந்தது. எது நல்லது, எது கருகியது என்று வெளியே பார்த்துச் சொல்ல வழியில்லை. 8 லட்சத்துக்குக் குறைந்த எண் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளைச் சுட வேண்டாம் என்று இன்றைக்கும் எச்சரிக்கிறார்கள்.

"தோள் ரொம்ப வலிக்குது!"

அறையைத் தப்பாக வெட்டிய கதைகளில் இதற்கு மிஞ்சியது இல்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஜப்பானிய அரிசாகா ரைபிள்களை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதன் தோட்டா அங்கே சுலபத்தில் கிடைக்காது. 6.5 மில்லி மீட்டர் ரைபிள் வைத்திருந்த ஒருவர், உள்ளூரில் கிடைக்கும் 30-06 தோட்டா நுழையும்படி அறையை மட்டும் பெரிதாக வெட்டினார். குழலை மாற்றவில்லை!

குண்டின் குறுக்களவு 7.8 மில்லி மீட்டர். குழலோ 6.5. பானை வாயைவிடப் பெரிய பூசணிக்காயை உள்ளே தள்ளுகிற கதை. அந்த ரைபிளால் அவர் மானும் சுட்டார். குண்டு ஒவ்வொரு முறையும் நசுங்கி, மெழுகு மாதிரி நீண்டு வெளியே போயிருக்கிறது. அவருடைய ஒரே புகார், தோளில் இடி ரொம்ப அதிகம் என்பது!

1959-ம் ஆண்டில் "அமெரிக்கன் ரைபிள்மேன்" பத்திரிகையில் இந்த விவரம் வந்தபோது துப்பாக்கி நிபுணர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். ஜப்பானிய எஃகின் தயவில் அவர் பிழைத்தார். வேறு ரைபிளாக இருந்தால் செய்தி வேறு பக்கத்தில் வந்திருக்கும்.

கார்பெட் கையில்

ஒழுங்காகச் செய்த ரைபிளுக்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. குமாவுன் மலையில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-ம் ஆண்டில் ஜிம் கார்பெட் சுட்டார். அதைப் பாராட்டி ஐக்கிய மாகாண லெப்டினண்ட் கவர்னர் ஹ்யூவெட் அவருக்குப் பரிசளித்தது லண்டன் ரிக்பி கம்பெனியின் "275" ரைபிள். மவுசர் தாழ்ப்பாள், ரிக்பி வேலைப்பாடு. கட்டையில் பெயர் பொறித்த தகடு.

கார்பெட்டுக்குப் பின் கைமாறிப் போன அந்த ரைபிளை 2015-ம் ஆண்டில் ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கியது. அடுத்த ஆண்டில் இந்தியாவுக்கும் கொண்டுவந்து காட்டினார்கள்.

ரிக்பி 1911-ம் ஆண்டில் கொண்டுவந்த "416" தோட்டாவில் வெயில் நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து கார்டைட் மருந்துக்குச் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் கிடந்த தோட்டா, குளிர் நாட்டில் இருந்ததைவிட வேகமாக வெடிக்கும். அழுத்தம் எகிறும். கூடு அறைக்குள் இறுகி மாட்டிக்கொள்ளும். எதிரே யானை நிற்கும்போது தாழ்ப்பாள் திறக்கவில்லை என்றால் என்ன ஆகும்? அதனால் 416-ன் கூட்டைத் தேவைக்கு மேல் பெரிதாகச் செய்தார்கள். இடம் தாராளமாக இருந்தால் அழுத்தம் அடங்கும், கூடு சுலபமாக வெளியே வரும்.

315 வந்த கதை

இனி நம் ஊர் விஷயம். நம் நாட்டில் சாதாரண ஆசாமி லைசென்ஸில் ரைபிள் வாங்கினால் பெரும்பாலும் "315". போலீஸ்காரர் கையில் காலம் காலமாகப் பார்த்தது "303". ஏன் இந்த வித்தியாசம்?

1878-ம் ஆண்டில் லிட்டன் பிரபு ஆட்சியில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம்! அப்புறம் இன்னொரு சந்தேகமும் சர்க்காருக்கு வந்தது. ராணுவத் தோட்டா திருட்டுப் போய் வெளியார் ரைபிளில் நுழைந்தால்? ராணுவம் பயன்படுத்தும் 303, 450 அளவுகளைத் தனியார் வைத்திருக்கத் தடை போட்டார்கள். லண்டன் கம்பெனிகள் உடனே 465, 470 என்று புதுப்புது அளவில் பெரிய ரைபிள் செய்து இந்தியாவுக்கு அனுப்பின. புலி மாறவில்லை, யானை மாறவில்லை. சட்டத்துக்காகத் தோட்டா அறை மாறியது!

315-ம் இப்படி வந்ததுதான். ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய 8 மில்லி மீட்டர் தோட்டா அது. இந்தியாவில் எந்த ராணுவத்திடமும் கிடையாது. பர்மிங்காம் பி.எஸ்.ஏ. கம்பெனி, என்ஃபீல்டு சிப்பாய் ரைபிளின் அமைப்பிலேயே 315 அறை வைத்துச் செய்து இங்கே அனுப்பியது. உடம்பு ராணுவ ரைபிள், வயிறு மட்டும் வேறு.

(நாம் ஓட்டிய சைக்கிள் பி.எஸ்.ஏ.யும் அதே பெயர்தான். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம். சென்னையில் தயாராகிப் பேர் வாங்கிய என்ஃபீல்டு புல்லட்டுக்கும் அந்தப் பெயர் என்ஃபீல்டு துப்பாக்கிச் சாலையின் தொடர்பால் வந்தது. ரைபிளே பார்க்காதவர்களும் அதன் பெயர் மேல் உட்கார்ந்து ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள்!)

சுதந்திரத்துக்குப் பிறகு 315-ஐ கல்கத்தா அருகே இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை தயாரித்தது. 1904-ம் ஆண்டில் ஏற்பட்ட அரசாங்கத் தொழிற்சாலை அது. 1959-ம் ஆண்டில் புது ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளையன், கறுப்பன் வித்தியாசம் போனது. ஆனால் அறை விவகாரம் அப்படியே நின்றது. 303 அல்லது 7.62 ரைபிள் மட்டுமல்ல, அந்த ராணுவத் தோட்டாவை நுழைத்துச் சுடக்கூடிய வேறு எந்த அளவு ரைபிளும் தடைப் பட்டியலில்தான் இருக்கிறது.

திருச்சியில்

அதிராம்பட்டினத்திலிருந்து நூறு கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம் போனால் ரைபிள் தயாராகும் இடம் இருக்கிறது. 1966-ம் ஆண்டில் ஏற்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. ராணுவ ரைபிளோடு, பொதுமக்கள் லைசென்ஸில் வாங்கும் 12 போர் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கியும் அங்கே தயாரானது. 2017-ம் ஆண்டில் "திருச்சி அசால்ட் ரைபிள்" என்று ஊர்ப்பெயரிலேயே ஒன்று வந்தது. 2021-ம் ஆண்டு அக்டோபரில் அரசாங்கத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது திருச்சியும் இஷாப்பூரும் ஒரே கம்பெனியின் கீழ் வந்தன.

மற்றபடி அறை வெட்டுகிற வேலையை வீட்டிலோ பட்டறையிலோ செய்யக்கூடாது. வெளிநாட்டில் இது சிலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தப்படி குறைந்தது 7 ஆண்டு ஜெயில், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. முன்பு குறைந்தது 3 ஆண்டாக இருந்தது. கம்பெனிப் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். "சும்மா ஒரு குழாய் கடைஞ்சு குடுப்பா" என்று கேட்டு வருகிறவரை லேத் பட்டறைக்காரர் வாசலோடு அனுப்பிவிடுவதே நல்லது.

பீரோவுக்குப் பின்னால்

சரி, தாத்தா ரைபிள் வீட்டில் கிடக்கிறது. என்ன செய்வது?

முதல் விஷயம், பழைய டப்பாவில் கிடக்கும் தோட்டாவைப் போட்டுப் பார்க்கக்கூடாது. அறைக்குள் நுழைகிற தோட்டா எல்லாம் அந்த ரைபிளின் தோட்டா ஆகாது. அரிசாகாக்காரர் கதையை மேலே படித்தீர்கள். தாழ்ப்பாள் ஆடினாலும் துரு தெரிந்தாலும் விளையாட வேண்டாம். அந்த ரைபிளின் ஒன்றரைத் தாள் இப்போது எத்தனை தாள் ஆகியிருக்கிறது என்பது கேஜ் போட்டால்தான் தெரியும்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. வீடு, நிலம் மாதிரி அல்ல. வீணாகத் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு. ஒப்படைத்துவிட்டு வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். 2016-ம் ஆண்டு விதிகளின்படி, உயிரோடு இருக்கும்போதே 70 வயது ஆனவரோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ வாரிசுக்கு மாற்றித்தரக் கேட்கலாம். முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019-க்குப் பிறகு 2 தான்.

ரைபிளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்சில் ஏறிவிட வேண்டாம். முதலில் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் போய் ஸ்டேஷனில் விவரம் சொல்லி, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கும்போது கம்பெனிப் பெயர், எண், போர் அளவு, தோட்டா எத்தனை என்று எழுதிய ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீதில் உள்ள எண்ணும் குழல் மேல் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.